டிவிஎஸ் வீட்டு மகள்... சின்னாளபட்டியின் டாக்டரம்மா!

உங்க வீட்டு வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி நிற்கலாம். புது ஜூபிட்டரோ, தாத்தா இன்னும் விற்க மறுக்கிற பழைய டிவிஎஸ் 50-யோ. அந்த மூன்று எழுத்தில் முதல் எழுத்து எதைக் குறிக்குதுன்னு எப்போவாவது யோசிச்சிருக்கீங்களா? அது ஒரு ஊர்ப் பெயர். நெல்லை மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏர்வாடிக்குப் பக்கத்தில் இருக்கிற திருக்குறுங்குடி. நம்பி கோயில் இருக்கே, அதே ஊர்தான். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் என்பதன் சுருக்கம்தான் டிவிஎஸ்.

1911-ல் அவர் தொடங்கிய நிறுவனம் மதுரையைச் சுற்றி பஸ் விட்டு எப்படி வளர்ந்தது என்ற கதையை யூடியூபில் நூறு பேர் சொல்லியிருப்பாங்க. அதை விட்டுடுவோம். நாம பார்க்கப்போறது அவர் மகளை. அப்பா பெயருக்கு முன்னால் இருந்த அதே திருக்குறுங்குடி, மகள் பெயருக்கு முன்னாலும் இருந்தது: டி.எஸ்.சௌந்தரம். கார், பங்களா, கம்பெனி எல்லாம் இருந்த வீட்டுப் பெண் சின்னாளபட்டியில் பிரசவம் பார்க்கப் போனார். அதோடு நிற்கலை. பிரசவம் பார்க்கிறவங்களுக்கும், ஊருக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கும் பாடம் நடத்த ஒரு நிறுவனத்தையே உருவாக்கிட்டார்.

எலி, தெள்ளுப்பூச்சி, ஒரு மரணம்

சௌந்தரம் பிறந்தது 1904 ஆகஸ்ட் 18. அந்தக் காலத்து வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம். மாப்பிள்ளை சௌந்தரராஜன் ஒரு டாக்டர். மனைவி படிக்கணும்னு விரும்பினவர். அந்த வாழ்க்கை ரொம்ப நாள் நீடிக்கலை. பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப்போன இடத்தில் அவருக்கே பிளேக் தொற்றியது. இறந்துபோனார்.

பிளேக் பத்தி இங்கே கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்தக் கதையின் மற்ற எல்லாம் அதில் இருந்துதான் புரியும். பிளேக் கிருமி முதலில் எலிக்கு வரும். எலி செத்ததும் அதன் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி வேற ரத்தம் தேடி மனிதர் மேல் ஏறும், கடிக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொளுத்தும். சில பேருக்கு நுரையீரலைத் தாக்கும். அப்போது இருமினாலே பக்கத்தில் இருக்கிறவருக்குப் பரவும். 1920-களில் இதுக்கு மருந்து கிடையாது. இதைக் குணப்படுத்திய ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில்தான். அதாவது, படிச்ச டாக்டர் கையிலும் நோயாளிக்குக் கொடுக்க எதுவும் இல்லை. ஆனா வீட்டில் தானியத்தை மூடி வைக்கிறது, எலி வளைகளை அடைக்கிறது, எலி கூட்டமாகச் செத்து விழுந்தா உடனே வீட்டைக் காலி செய்துட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்குறது... இதெல்லாம் உயிர் காக்கும்னு அப்பவே தெரியும். மருந்தால் முடியாததை, விஷயம் தெரிஞ்ச ஊரால் செய்ய முடியும்.

சௌந்தரம் இதை இப்படித்தான் யோசிச்சாரான்னு கேட்டால், அவர் மனசுக்குள் போய்ப் பார்க்க நமக்கு வழி இல்லை. ஆனா அவர் பின்னால் கட்டிய ஒவ்வொன்றையும் பார்த்தால் அந்த மரணம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

32 வயசில் டாக்டர்

1920-களின் ஐயங்கார் வீட்டில் இளம் விதவை என்றால் என்ன நடக்கும்னு உங்க பாட்டிகிட்ட கேளுங்க. தலைமுடி போகும், நிறச்சேலை போகும், நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது, வீட்டின் பின்கட்டு அறைதான் மிச்ச வாழ்க்கை. சுந்தரம் ஐயங்காரும் லட்சுமி அம்மாளும் மகளை அந்த அறைக்கு அனுப்பலை. படிக்க அனுப்பினாங்க. அதுவும் டெல்லிக்கு. பெண்களுக்காகவே 1916-ல் தொடங்கப்பட்டிருந்த லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு.

1936-ல் படிப்பு முடிச்சப்போ சௌந்தரத்துக்கு வயசு 32-ஐ நெருங்கியிருந்தது. 24 வயசில் வேலை கிடைக்கலைன்னா வாழ்க்கையே போச்சுன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க இந்த எண்ணைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

அதே கல்லூரியில் கிடைச்ச தோழி சுசீலா நய்யார். காந்தியின் மருத்துவராக இருந்தாரே, அவர்தான். அந்த நட்பு வழியாக காந்தி அறிமுகம் ஆனார். டெல்லியில் இன்னொருத்தரும் அறிமுகம் ஆனார். கேரளத்துக்காரர், சாந்திநிகேதனில் படிச்சவர், ஹரிஜன சேவையில் இருந்தவர், பெயர் ஜி.ராமச்சந்திரன். இரண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. வேற மொழி, வேற சாதி, அதிலும் பெண் கைம்பெண். வீட்டில் எதிர்ப்பு. விஷயம் காந்திகிட்ட போனது. அவர் ஒரு பரீட்சை வெச்சார்: ஒரு வருஷம் பார்க்கக்கூடாது, கடிதமும் கூடாது. அதுக்கு அப்புறமும் மனசு மாறலைன்னா கல்யாணம். மனசு மாறலை. 1940-ல் சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் கல்யாணம் நடந்தது. ‘நாலு நாள் ரிப்ளை வரலை’ன்னு பிரேக்கப் பண்ற தலைமுறைக்கு இது கொஞ்சம் ஓவரா தெரியலாம்.

காய்ச்சல் வந்த பாதை

1942 இயக்கத்தில் தம்பதி இரண்டு பேரும் இருந்தாங்க. 1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா சிறைவாசத்திலேயே இறந்தார். அவர் நினைவாக 75 லட்சம் ரூபாய் திரட்டத் திட்டமிட்டு, அதைத் தாண்டியே பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தை நகரத்தில் செலவழிக்கக் கூடாது, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான்னு காந்தி கறாராக இருந்தார். கஸ்தூர்பா அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்துக்கு வந்தது. கிராமங்களில் வேலை செய்யப் பெண்களைப் பயிற்றுவிக்கணும். எங்கே உட்கார்ந்து செய்வது?

அவர் போனது மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற சின்னாளபட்டிக்கு. சேலைக்குப் பேர்போன நெசவாளர் ஊர். பக்கத்திலேயே அம்பாத்துரை ரயில் நிலையம். 1946-ல் காந்தி இந்தப் பக்கம் வந்தபோது ரயில் நின்று மக்களைப் பார்த்த இடம். 1947-ல், நாடு விடுதலை அடைந்த சில வாரங்களில், அங்கே காந்திகிராமம் தொடங்கியது.

இந்த மண்ணுக்கும் திருநெல்வேலிக்கும் ஒரு பழைய, வருத்தமான தொடர்பு உண்டு. 1809-ல் இருந்து 1811 வரை ஒரு கொள்ளைக் காய்ச்சல் கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலின்னு நாலு சீமைகளையும் புரட்டிப்போட்டது. கும்பினி அரசு மருத்துவர்களைக் கொண்டு தனியாக விசாரித்து அறிக்கை தயாரிக்கிற அளவுக்குச் சாவு. அன்னிக்குக் கொசுதான் காய்ச்சலைக் கொண்டுவருதுன்னு உலகத்தில் யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்று நினைச்சாங்க. அடுத்து வந்தது காலரா. தாமிரபரணிக் கரையில் ஒரே படித்துறையில்தான் குளியலும், துணி துவைப்பும், குடத்தில் குடிநீர் மொள்ளுறதும். பாபநாசத்தில் இறங்குகிற தண்ணீர் ஊர் ஊராகக் கால்வாயில் பிரிஞ்சு வயலுக்கும் வீட்டுக்கும் போகும். நெல்லையை இரண்டு போகம் விளைய வெச்ச அதே தண்ணீர்தான் மேட்டூர்க்காரர் வயிற்றுப்போக்கைக் கீழூர்க்காரருக்கும் கொண்டுபோனது. (இங்கே மேட்டூர் என்றது ஆற்றில் மேலே இருக்கிற ஊரை. அணைக்கட்டு மேட்டூரை இல்லை!)

சென்னை மாகாணம் இதில் தூங்கலை என்பதையும் சொல்லிடணும். பொது சுகாதாரத்துக்கென்று முழுமையான தனிச் சட்டம் 1939-ல் இந்தியாவிலேயே முதலில் வந்தது இங்கேதான். ஆனால் சட்டம் சென்னையில் இருக்கும். படித்துறையில் நிற்கிற அக்காவுக்கு அதைச் சொல்லப்போறது யார்? 1946-ல் வந்த போர் குழு அறிக்கையும், வைத்தியத்தையும் நோய்த்தடுப்பையும் பிரிக்காமல் கிராமத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேணும்னு சொன்னது. அந்தக் கட்டடங்கள் வர, ஆட்கள் வர, இன்னும் வருஷங்கள் ஆச்சு.

அரிவாளும் வெந்நீரும்

சின்னாளபட்டியில் முதலில் தொடங்கியது ஒரு சின்ன பிரசவ விடுதி. அதுதான் பிறகு கஸ்தூர்பா மருத்துவமனையாக, நூற்றுக்கணக்கான படுக்கைகளோடு வளர்ந்தது.

அன்னிக்குக் கிராமத்தில் பிரசவம் என்றால் மருத்துவச்சிதான். வாழ்நாளில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தின அனுபவம் அவங்களுக்கு இருக்கும். அதை மட்டமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனா தொப்புள்கொடி அறுக்கிறது எதில்? அரிவாள், மூங்கில் சிம்பு, கையில் கிடைச்ச பழைய பிளேடு. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ பூசுவாங்க. சில நாளில் குழந்தை பால் குடிக்க வாயைத் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைஞ்சு, ஜன்னி கண்டு செத்துப்போகும். பேய் அடிச்சிடுச்சு, செய்வினை என்பாங்க. உண்மையில் அது டெட்டனஸ். மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமி, தொப்புள் புண் வழியாக உள்ளே போனது.

இப்போ யோசிங்க. இந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தா அந்தக் காலத்தில் டாக்டர் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். ஆனா அதே மருத்துவச்சிக்கு மூணு விஷயம் பழகிட்டால் போதும்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பிளேடையும் நூலையும் கொதிக்க வை, தொப்புளில் எதையும் பூசாதே. செலவு ஒரு பாத்திரம் வெந்நீர். கஷ்டம் எங்கேன்னா, சொல்றதில் இல்லை, கேட்க வைக்கிறதில். முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கிற கிழவியிடம் இருபது வயசு நர்ஸ் போய் நீ செய்றது தப்புன்னு சொன்னால் அடுத்த நாள் அந்தத் தெருவில் யாரும் கதவு திறக்க மாட்டாங்க.

சுகாதாரக் கல்வி தனியாகப் படிக்கவேண்டிய ஒரு தொழிலா இருக்கிறது இதனால்தான். நோய் பத்தித் தெரிஞ்சா மட்டும் பத்தாது. அந்தத் தெருவில் யார் பேச்சு எடுபடும், மாமியார் சொன்னால் நடக்குமா, பூசாரி சொன்னால் நடக்குமா, கிணற்றடியிலா டீக்கடையிலா எங்கே பேசணும்னு தெரியணும். காந்திகிராமம் இதைத்தான் பிடிச்சுக்கிட்டது. டாக்டரம்மா மருத்துவமனையைக் கட்டியதைப் பாராட்டுறவங்க நிறைய. நான் அதைவிடப் பெரிசா நினைப்பது இதை.

காந்தி வேண்டாம் என்றதை...

இந்த வாழ்க்கையின் ரொம்ப சிக்கலான பகுதி இனிமேல்தான் வருது.

காந்தி கருத்தடைச் சாதனங்களைக் கடுமையாக எதிர்த்தவர். 1935-ல் மார்கரெட் சாங்கர் அமெரிக்காவில் இருந்து வார்தாவுக்கே வந்து வாதாடிப் பார்த்தார். காந்தி அசையலை. புலனடக்கம் ஒன்றுதான் வழி என்றார். அவர் ஆசியோடு கல்யாணம் செய்த சௌந்தரம், அவர் பெயரையே தாங்கிய கிராமத்தில், என்ன செய்தார் தெரியுமா? 1959-ல் மத்திய அரசு, மாநில அரசு, ஃபோர்டு அறக்கட்டளை ஆகியவற்றோடு சேர்ந்து காந்திகிராமத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964-ல் அது கிராமிய சுகாதாரத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குமான தனி நிறுவனமாக ஆனது.

துரோகமா? எனக்கு அப்படித் தோணலை. காந்தி ஆசிரமத்தில் இருந்து யோசிச்சார். இவர் பிரசவ அறையில் இருந்து பார்த்தார். எட்டாவது பிரசவத்துக்கு ரத்தமே இல்லாமல் வருகிற பெண்ணிடம், உன் புருஷனைப் புலனடக்கம் பழகச் சொல்லும்மான்னு ஒரு டாக்டர் எப்படிச் சொல்லி அனுப்புவார்?

ஆனா காந்தியிடம் இருந்து அவங்க விடாமல் எடுத்துக்கிட்ட ஒண்ணு உண்டு: மனசு மாறி மக்களே வரணும். அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் வேற வழியில் வேகமாகப் போய்க்கிட்டிருந்தது. 1956-ல் இருந்தே கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுத்தாங்க. பசியில் இருக்கிறவனுக்கு 30 ரூபாய் என்பது யோசனைக்கு இடம் தராத தொகை. காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் முயன்றது மெதுவான வேலை. இந்த ஆத்தூர் திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர், சேலத்து ஆத்தூர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் மக்கள் தாங்களாகவே யோசனை கேட்கப்போகும் ஆட்கள் யார்னு கண்டுபிடிச்சாங்க. அவங்க பதவியில் இருக்கணும்னு இல்லை. ஒரு நெசவாளியா இருக்கலாம், மளிகைக் கடைக்காரரா இருக்கலாம், நாலு பிள்ளை பெத்த ஒரு அக்காவா இருக்கலாம். அவங்களுக்குப் பாடம் சொல்லி, அவங்க மூலமாகத் தெருவுக்குச் சேதி போனது. கூடவே பிரசவ கவனிப்பு, தடுப்பூசி, குழந்தை நலம் எல்லாம் சேர்ந்தே போனது. பிறந்த குழந்தை பிழைக்கும்னு நம்பிக்கை வந்தால்தானே அடுத்தது போதும்னு தோணும்? 1960-களின் முடிவில் அந்த வட்டாரத்தில் பிறப்பு விகிதம் நல்லாவே குறைஞ்சது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வரை அதைப் படிச்சாங்க.

அப்புறம் வந்தது நெருக்கடி நிலை. 1975-ல் இருந்து 1977 வரை, முக்கியமாக வட இந்தியாவில், இலக்கு எண்ணை நிரப்ப ஆண்களைப் பிடிச்சு அறுவை செய்த கொடுமை நடந்தது. 1977 தேர்தலில் மக்கள் அதுக்குப் பதில் சொன்னாங்க. குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே கெட்ட சொல்லாகி, குடும்ப நலம்னு பெயர் மாற வேண்டியதாச்சு. சொல்லிக்கொடுக்கிறதுக்கும் பிடிச்சு இழுக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசத்தை நாடு ரொம்பப் பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்டது. அப்போ சௌந்தரத்துக்கு எழுபது வயசு தாண்டியிருந்தது.

டெல்லி, திரும்ப கிராமம்

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிடலாம். 1950-களில் சென்னை சட்டமன்றத்தில் இருந்தார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்தியக் கல்வித் துணை அமைச்சர். பத்ம பூஷண் கிடைச்சதும் அந்த வருஷம்தான். அதே ஐந்து வருஷம் மத்தியில் சுகாதார அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? சுசீலா நய்யார். லேடி ஹார்டிங் கல்லூரியின் இரண்டு தோழிகள், ஒருத்தர் கல்வி, ஒருத்தர் சுகாதாரம்! 1967-ல் தி.மு.க அலை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாநிலமே கொதிச்சிருந்தது. மத்திய காங்கிரஸ் அரசின் கல்வி அமைச்சகத்தில் இருந்தவர் திண்டுக்கல்லில் ஜெயிக்கிறது சுலபமா? தோத்தார். காந்திகிராமத்துக்குத் திரும்பினார்.

அங்கே வேலைக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் கணவரோடு சேர்ந்து உருவாக்கிய கிராமியக் கல்வி நிறுவனம், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்னொரு பக்கம் மருத்துவமனை, கைவிடப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இல்லங்கள். 1984-ல் தன் எண்பதாவது வயசில் சௌந்தரம் இறந்தார். 2005-ல் தபால்துறை அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

அம்பாத்துரையில் அந்தச் சுகாதார நிறுவனம் இப்பவும் இயங்குது. சுகாதார மேம்பாட்டுக் கல்வியில் பட்டயப் படிப்பு அங்கே உண்டு. கிராம செவிலியர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும், அவங்களுக்குப் பாடம் நடத்துற ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லாமல் மருத்துவத்துறையில் வேலை பார்க்கணும்னு நினைக்கிறவங்க, நீட்டுக்கு வெளியேயும் வாசல் இருக்கான்னு தேடுறவங்க, இந்தப் படிப்பைப் பத்தி ஒருமுறை விசாரிச்சுப் பாருங்க. சம்பளம் பெரிசில்லை. வேலை நடக்கிறது வெயிலில்.

நெல்லைப் பக்கம் இருக்கிறவங்க திண்டுக்கல் வரை போகக்கூட வேண்டாம். ஆழ்வார்குறிச்சி வழியாக சிவசைலம் போங்க. இப்போ தென்காசி மாவட்டம். மலையில் இருந்து இறங்கிவந்து தாமிரபரணியில் சேர்கிற கடனா நதி பக்கத்திலேயே ஓடும். அங்கே இருக்கிற ஔவை ஆசிரமம் காந்திகிராமத்தின் ஒரு கிளை. ஆதரவற்ற குழந்தைகள் தங்கிப் படிக்கிறாங்க, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியும் இருக்கு. சிவசைலநாதர் கோயிலுக்கு வர்றவங்க பெரும்பாலும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போறாங்க.